ஒன்பது சமையலறைகளும் ஒரு கல்லறையும்

1914 செப்டம்பர் இறுதியில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். சில வாரங்களிலேயே அகழிகளில் குண்டடி பட்டார்கள். காயம்பட்டவர்களைக் கப்பலேற்றி இங்கிலாந்தின் தென்கரைக்குக் கொண்டுபோனார்கள். பிரைட்டன் நகரில் முன்பு மன்னர்கள் ஓய்வெடுத்த ராயல் பெவிலியன் அரண்மனையே அந்த டிசம்பரில் அவர்களுக்கான மருத்துவமனை ஆனது. சரவிளக்குகளின் கீழே கட்டில் போட்டுப் படுக்கவைத்தாலும், மனசு என்னவோ பஞ்சாபிலும் கர்வாலிலும் இருந்த வீட்டில்தான் கிடந்தது.

இதை அவர்களுடைய கடிதங்கள் சொல்கின்றன. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ராணுவத் தணிக்கை அதிகாரிகள் அவற்றைப் பிரித்துப் படித்து, பல பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தார்கள். தணிக்கையிலிருந்து தப்ப, இந்தியப் படையைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைப் படையைச் சிவப்பு மிளகாய் என்றும் சிப்பாய்கள் மறைபொருளில் எழுதினார்கள். வேவு பார்க்கப் பிரித்த கடிதங்களே இன்று நமக்குச் சான்றாக நிற்கின்றன.

காயம் ஆறுவதே அவர்களுக்குப் பயமாக இருந்தது. ஆறியவர்களைத் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பினார்கள். இனிச் சண்டைக்கு உதவமாட்டான் என்று ஆனவனுக்குத்தான் ஊர் திரும்பும் வாய்ப்பு. பெற்ற பிள்ளையின் முகம் பார்க்க, கையோ காலோ விலையாகத் தேவைப்பட்டது.

தோழர்களே, இதுவரை சொன்னது பலரும் எழுதிய வரலாறு. அதே மருத்துவமனையின் பின்கட்டுக்குப் போய்ப் பார்ப்போம்.

அங்கே சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப ஒன்பது சமையலறைகள் இயங்கின. இந்துக்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். 1857-ஐ மறக்காத அரசு, சிப்பாய்களின் ஆசாரம் கெடாமல் பார்த்துக்கொண்டது. அந்த ஆசாரத்துக்குக் கழிவறை கழுவவும் ஆள் வேண்டுமே! இந்திய மருத்துவமனைகளில் அந்த வேலையைச் செய்தவர்கள் தீண்டப்படாதோராக நடத்தப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்கள். இங்கே சாதியும் கூடவே கப்பலேறியது.

நம் மக்கள் துடைப்பம் மட்டும்தான் பிடித்தார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். மஜஹபி சீக்கியர்களைக் கொண்ட 34ஆம் சீக்கியப் பயனியர் படை பிரான்சில் போரிட்டது. 1890களில் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்ட மகர்களுக்கு, ஆள் தேவைப்பட்டபோது 1917இல் கதவு திறந்தது. போர் முடிந்தபின் 1921இல் அந்த 111ஆம் மகர் படையும் கலைக்கப்பட்டது.

பிரைட்டனிலிருந்து மேற்கே பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற சிற்றூர். அங்கிருந்த லேடி ஹார்டிஞ் மருத்துவமனையில், காயம்பட்ட சிப்பாய்களுக்காகத் துப்புரவு வேலை செய்தவர் சுக்கா. 1915 ஜனவரி 12 அன்று தமது 30ஆம் வயதில் இறந்தார். தீண்டப்படாதவர் என்று இந்துக்கள் எரியூட்ட மறுத்தார்கள், இஸ்லாமியர் அல்லர் என்று இஸ்லாமியத் தரப்பும் மறுத்தது, கடைசியில் அவ்வூர்க் குருவானவர் தம் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. ஊர் மக்கள் நட்ட கல் அது.

அந்தக் கல்லில் அவருடைய வீட்டு விலாசம் பொறிக்கப்பட்டிருக்கிறது: பரேலி நகரம், கங்காபூர் மொகல்லா. சிப்பாய்களின் ஏக்கத்துக்குத் தணிக்கை அலுவலகம் ஒரு ஆவணக் காப்பகத்தையே உருவாக்கியது. சுக்காவுக்கும் வீடு இருந்தது, விட்டுவந்த உறவுகள் இருந்தார்கள். அவருடைய ஏக்கத்துக்குச் சாட்சியாக நம் கையில் இருப்பது இந்த விலாசம் மட்டும்தான்.

ஆவணங்களைத் தேடிப் போகும் மாணவர்களே, கிடைத்த கடிதங்களைக் கட்டாயம் படியுங்கள். அந்தக் கட்டிலுக்குக் கீழே தரையைத் துடைத்தவர் யார், அவருக்கு யார் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.