கழற்சிங்கரும் சிங்கப் பெயர் பூண்ட பல்லவரும்

பாட்டன் பெயரைத் தாங்குவோனைப் பெயரன் என்றல் தமிழ் வழக்கு. பல்லவர் குடியிலும் முன்னோர் பெயரைப் பின்னோர் பூண்டனர். நரசிங்கன் என்னும் பெயருடையார் அக்குடியில் இருவர். முன்னவன் வாதாபி கொண்ட மாமல்லன், ஏறத்தாழக் கி.பி. 630 முதல் 668 வரை ஆண்டவன். பின்னவன் அவன் கொள்ளுப்பேரனாகிய இராசசிங்கன். எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டவன். இவ்விருவரையும் வேறு பிரித்து அறிந்தாலன்றி, அடியார் காலம் தெளிவுறாது.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில், கழற்சிங்கரை அந்நாளில் உலகு காக்கின்ற காடவர்கோனாகப் போற்றினார். சிங்கன் என்னும் பெயர் கொண்டு இவரை மாமல்லன் எனலாமோ எனின், ஆகாது. வாதாபி வீழ்ந்தது கி.பி. 642. அப்போரில் வென்ற பரஞ்சோதியாரே சிறுத்தொண்டர் ஆயினார். அவரைத் திருஞானசம்பந்தர் தம் பதிகத்துட் பாடினார். அச்சம்பந்தரோ சுந்தரர்க்கு முற்பட்டவர். ஆகலின், கழற்சிங்கர் இராசசிங்கனே என்பர் ஒரு சாரார். தெள்ளாற்றில் வென்ற மூன்றாம் நந்திவர்மனே என்பர் மற்றொரு சாரார். பின்னையோர் கொள்கைவழிச் சுந்தரர் காலம் ஒன்பதாம் நூற்றாண்டிற்குச் செல்லும். ஒரு பெயர்பற்றிய ஐயம் ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட வேறுபாட்டை விளைத்தல் காண்க.

நூலில் எழுந்த இவ்விடர்ப்பாடு மாமல்லபுரத்துக் கல்லிலும் உண்டு. தருமராச இரதத்தில் நரசிம்மன் என்னும் பெயரும் அத்தியந்தகாமன் என்னும் பட்டமும் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பட்டமோ காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் இராசசிங்கனுக்கும் வழங்குகின்றது. அதனால் அவ்விரதம் மாமல்லனதோ இராசசிங்கனதோ என அறிஞர் வேறுபடுவர். கடற்கரைக் கோயிலுக்கு அவ்வையம் இல்லை; இராசசிங்கப் பல்லவேச்சுரம் என்னும் பெயரை முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டே தருகின்றது.

பெயர் மயக்குமிடத்துச் செயல் துணைசெய்யும். திருநின்றவூர்ப் பூசலார் மனத்துள் கோயில் எடுத்த நாளில், காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோனின் இயற்பெயரைச் சேக்கிழார் கூறிற்றிலர். இறைவன் கனவில் அவனுக்கு மொழிந்தமை மட்டும் கூறினார். கயிலாசநாதர் கோயிற் கல்வெட்டோ, இராசசிங்கன் அசரீரி கேட்டவன் என்று புகழ்கின்றது. இவ்விரண்டும் இயைதலின், அவ்வரசன் இராசசிங்கனே என்று ஆராய்ச்சியாளர் பலர் கொண்டனர். பெயரில்லாத அவ்வரசனை ஒருவாறு அறிய முடிந்தது; பெயரோடு நின்ற கழற்சிங்கரிடத்தோ ஐயம் தீர்ந்திலது.

ஆதலின், பெயரொப்புமை ஆராய்ச்சிக்குத் தொடக்கமேயன்றி முடிபன்று. பட்டமும், எழுத்தின் அமைதியும், உடன்வாழ்ந்தார் வரலாறும், செய்த பணியும் ஒருங்கே பொருந்தியவழியே துணிதல் வேண்டும். அடியார் வரலாற்றைக் காக்க விழைவார்க்கு இது கடன் என்க.