நிறமாலைக் கோடுகளின் நகர்வு: கொடைக்கானல் முதல் தோரியம் கடிகாரம் வரை

ஓர் அணு உமிழும் ஒளியின் அதிர்வெண், அந்த அணு எதன் நடுவே இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சற்றே மாறும். அந்த மாற்றத்தை அளந்து, காரணத்தைப் பிரித்தறியும் வேலை பழனிக்குத் தெற்கே, பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கு முன்பே நடந்தது.

ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. 1907இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அவர் பெயர் நிலைத்தது அந்த விளைவால்தான். ஆனால் அதைவிடக் கடினமானது அடுத்த வேலை. சூரிய நிறமாலையை, மின்வில்லில் எரியும் இரும்பின் நிறமாலையோடு ஒப்பிட்டால், சூரியக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. அழுத்தம் கூடினால் கோடுகள் அப்படி நகரும் என்பது 1890களிலேயே தெரிந்திருந்ததால், பலர் சூரிய வாயுவின் அழுத்தத்தையே காரணமாகச் சொன்னார்கள். எவர்ஷெட்டும் அவருடன் பணியாற்றிய தாமஸ் ராய்ட்ஸும் இதை ஏற்கவில்லை. அழுத்தம் எல்லாக் கோடுகளையும் ஒரே அளவில் நகர்த்தாது. சூரிய ஒளியில் அந்த வேறுபாடு தென்படாததால், அங்கே அழுத்தம் மிகக் குறைவு என்று முடிவு செய்தார்கள்.

பிறகு எவர்ஷெட், வாயு பூமியிலிருந்து விலகிச் செல்வதால் இருக்குமோ என்று ஐயுற்று, சூரியனின் வேறு பக்கத்தைப் பார்க்க, வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியையும் ஆராய்ந்தார். ஐன்ஸ்டைனோ ஈர்ப்பு விசையால் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் நகர்வு இருக்கும் என்று கணித்திருந்தார். எவர்ஷெட் ஓய்வுபெற்ற 1923இல், அதுவரை ஐயம் கொண்டிருந்த மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் சார்லஸ் செயின்ட் ஜானும் அந்த ஈர்ப்பு நகர்வை ஒப்புக்கொண்டார்.

சூழலால் அதிர்வெண் நகரும் அதே சிக்கல், அணுக்கருவின் அதிர்வெண்ணைக் கொண்டு நேரம் அளக்கும் அணுக்கருக் கடிகாரத்தில் இன்று எழுந்துள்ளது. தோரியம் 229இன் கருவைக் கடிகாரமாக்கலாம் என்று 2003இல் ஜெர்மனியின் பைக்கும் டாமும் முன்மொழிந்தார்கள். இதற்கு வேண்டிய 229, யுரேனியம் 233 சிதைந்து உண்டாவது. 2024இல் கால்சியம் புளோரைடு படிகத்தில் பதித்த அக்கருவை ஆய்வாளர்கள் லேசரால் கிளர்வுறச் செய்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் போல்டரில் அந்தக் கிளர்வின் அதிர்வெண்ணைத் துல்லியமாக அளந்தார்கள்: நொடிக்குச் சுமார் 2,020 லட்சம் கோடி.

கரு மிகச் சிறியது. எலக்ட்ரான்கள் அதைச் சூழ்ந்து காக்கின்றன. என்றாலும் படிகம் அதை விட்டுவைப்பதில்லை. கருவுக்குள் ஊடுருவும் எலக்ட்ரான்களின் அடர்த்தி அதிர்வெண்ணை நகர்த்துகிறது; அண்டை அயனிகளின் மின்புலச் சரிவு ஒரே கோட்டைப் பல கோடுகளாகப் பிளக்கிறது. படிகம் சூடேறி விரிந்தால் இரண்டுமே மாறும். 150 முதல் 293 கெல்வின் வரை அளந்தபோது, ஒரு கோடு மட்டும் சுமார் 62 கிலோஹெர்ட்ஸ்தான் நகர்ந்தது. மற்றவை பன்மடங்கு நகர்ந்தன. மிகக் குறைவாக நகரும் இந்தக் கோட்டைக் கொண்டுகூட 10¹⁸இல் ஒரு பங்குத் துல்லியம் வேண்டுமென்றால், படிகத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 5 மைக்ரோகெல்வினுக்கு மேல் பிசகக் கூடாது.