பதிவேட்டுக்கு ஒரு ஸ்ட்ரக்ட்

மலேசியாவின் பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை, ஊழியர் பதிவேட்டைச் சி மொழியில் எழுதிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டிய வரிகளை வாசிக்கும் ஒலியிலேயே தருகிறேன்.

ஸ்ட்ரக்ட் ஊழியர் {
சார் ஐசி[13];
ஸ்ட்ரக்ட் தேதி பிறப்பு;
சார் மாநிலம்[3];
சார் ஷிப்டு;
};

ஸ்ட்ரக்ட் ஊழியர் {

ஐசிக்கு, அதாவது அடையாள அட்டை எண்ணுக்கு, ஒரு வரிசை, ஷிப்டுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக வைத்தாலும் நிரல் ஓடும். ஐசி வரிசையை மட்டும் யாராவது ஏறுமுகமாக அடுக்கிவிட்டால் போச்சு. ஒருவருடைய இரவு ஷிப்டு இன்னொருவர் தலையில் விழும். ஒரே ஆளின் விவரங்கள் பிரியாமல் சேர்ந்தே நகர வேண்டும் என்பதற்குத்தான் ஸ்ட்ரக்ட். 1972-இல் கென் தாம்சன், தாம் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தைச் சி மொழியில் எழுத முயன்று கைவிட்டார். அன்றைய சி-யில் ஸ்ட்ரக்ட் இல்லை. அது வந்த பிறகு, 1973-இல் யூனிக்ஸின் கருநிரல் சி-க்கு மாறியது.

சார் ஐசி[13];

எண்தானே, இண்ட் போதாதா? போதாது. ஐசியில் 12 இலக்கம். 32 பிட் இண்ட் 2,147,483,647-உடன் நின்றுவிடும். பெரிய வகையில் அடைத்தாலும், 2000-இல் பிறந்தவருடைய ஐசியின் முதல் இரு சுழியங்கள் காணாமல் போகும். ஐசியை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. அதனால் அதை எழுத்துச் சரமாக வைப்பதே முறை. பதின்மூன்றாவது இடம், சரம் முடிந்தது என்று காட்டும் சுழியப் பைட்டுக்கு.

ஸ்ட்ரக்ட் தேதி பிறப்பு;

ஸ்ட்ரக்ட்டுக்குள் ஸ்ட்ரக்ட். நாள், மாதம், ஆண்டு என மூன்று இண்ட் கொண்ட 'தேதி' இதற்கு மேலேயே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். ஐசியின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதிதான். பிறகு ஏன் மறுபடி? அங்கே ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 25 என்றால் 1925-ஆ, 2025-ஆ? ஒரே செய்தியை இரண்டு இடத்தில் வைப்பது எனக்குப் பிடிக்காது. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவார்கள். இங்கே வேறு வழியில்லை.

சார் மாநிலம்[3];

ஐசியின் ஏழாம், எட்டாம் இலக்கங்கள் பிறந்த இடத்தைச் சொல்லும். பினாங்கு 07, கெடா 02, பேராக் 08. இதை இண்ட் ஆக்கி, நிரலில் 07 என்று எழுதினால் வம்பில்லை. பேராக்காரருக்கு 08 என்று எழுதியதும் கம்பைலர் மறுக்கும். சுழியத்தில் தொடங்கும் எண்ணைச் சி எட்டின் அடிமானத்தில் படிக்கிறது, அதில் 8 என்ற இலக்கமே கிடையாது. பினாங்குக்காரர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டாது.

சார் ஷிப்டு;

காலை, மாலை, இரவுக்கு 1, 2, 3. 'கா' என்று தமிழில் வைக்க ஆசை வரலாம். யூடிஎஃப்-8 முறையில் 'க' ஒன்றுக்கே மூன்று பைட் தேவை, சார் என்பதோ ஒரு பைட்.

};

அரைப்புள்ளியை விட்டால் கம்பைலர் பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் குறை சொல்லும். உறுப்புகளைக் கூட்டினால் 13, 12, 3, 1 என 29 பைட். நான்கு பைட் இண்ட் உள்ள வழக்கமான கணினியில் சைஸ்ஆஃப் 32 காட்டும். தேதியின் இண்ட் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். அதற்காக ஐசிக்குப் பின்னால் மூன்று பைட் சும்மா கிடக்கிறது.

இந்த வெற்றிடத்துக்குப் பின்விளைவு உண்டு. 'ஆ = அ' என்று ஓர் ஊழியரை முழுசாக நகலெடுக்கலாம்; 1978-இல் வந்த கெர்னிகன், ரிச்சி நூலின் முதல் பதிப்பில் அதற்குக்கூட இடமில்லை, 1989-ஆம் ஆண்டின் தரநிலையில் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒருவரா என்று இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்க இன்றும் முடியாது. மெம்கம்ப் கொண்டு பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டாலும் வெற்றிடத்தில் கிடக்கும் குப்பை காரியத்தைக் கெடுக்கும். ஐசி இரண்டையும் சரங்களை ஒப்பிடும் ஸ்ட்ர்கம்ப்பிடம் கொடுத்தால் போதும்.