செங்கோட்டை: எல்லை நகர்ந்த ஊர்

நாட்டின் எல்லையை அரசுகள் வகுக்கின்றன. ஊரின் இயல்பை மலையும் வழியுமே வகுக்கின்றன. இதற்குச் செங்கோட்டை தக்க சான்று.

மேற்குத் தொடர்ச்சி மலையில், ஆரியங்காவுக் கணவாயின் கீழ்த்திசை வாயிலில் அமைந்தது இவ்வூர். மக்களின் மொழி தமிழ். ஆயினும் அவர்கள் திருவிதாங்கூர் மன்னரின் குடிகளாக இருந்தனர். தலைநகராகிய திருவனந்தபுரம் மலைக்கு அப்பால். அண்டை ஊராகிய தென்காசியோ ஆங்கிலேயர் ஆட்சியில். மொழி ஒருபுறமும் அரசு மறுபுறமுமாக இவ்வூரார் வாழ்ந்தனர்.

1904-ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து கொல்லத்திற்குப் புகைவண்டிப் பாதை அமைந்தது. உத்தியோகம் நாடி மலை கடப்பது எளிதாயிற்று. இவ்வூரிற் பிறந்த வாஞ்சிநாதன் புனலூரில் காட்டிலாகாவில் பணிபுரிந்தவர். மன்னரின் குடியாகிய அவர், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் சுட்டதோ திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையை. எல்லை ஆட்சியைப் பிரித்தது, உணர்ச்சியைப் பிரிக்கவில்லை.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஊருக்குக் கிழக்கே இருந்த எல்லை மேற்கே மலைப்பக்கம் நகர்ந்தது. ஆட்சியும் தாய்மொழியும் ஒன்றாயின. ஆனால், அதுவரை ஒரே அரசுக்குள் இருந்த மலைவழி, இரு மாநிலங்களுக்கு இடைப்பட்ட வழியாயிற்று. மலைக்கு அப்பால் உறவும் தொழிலும் உடையவர்களுக்கு, பெற்றதோடு இழந்ததும் உண்டு.

எனினும் கணவாய் அடைபடவில்லை. பழைய மீட்டர் பாதை அகலப் பாதையாகி, 2018-இல் மீண்டும் ரயில் மலையேறியது. கோடு எங்கே நகர்ந்தாலும், இருபுறத்தாரோடும் அளவளாவி வாழும் பண்பே இவ்வூருக்கு மலை அளித்த நிலையான செல்வம்.