பெண் சிங்கம் தெரியும்... சிங்கப்பெண் யார்?

யானையில் ஆண் களிறு, பெண் பிடி. மானில் கலை, பிணை. குரங்கில் கடுவன், மந்தி. சரி, சிங்கத்தில்? யோசிச்சுப் பாருங்க, 'பெண் சிங்கம்'னுதான் வாயில் வரும்!

விலங்கு, பறவைகளின் பெண்ணுக்கு வழங்கும் பெயர்களைத் தொல்காப்பியத்தின் மரபியல் பட்டியல் போடுகிறது. பேடை, பெட்டை, மூடு, நாகு, பிணவு, பிடி என மொத்தம் 13. இதில் 'பெட்டை' இன்னும் உயிரோடு இருக்கு. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஆடு, கோழி வளர்க்கிறவங்களைக் கேளுங்க, 'பொட்டைக்கோழி'ன்னு சொல்வாங்க. ஆனால், அந்தப் பட்டியலில் சிங்கத்துக்கென்று தனிப்பெயர் கிடையாது. 'சிங்கம்' என்பதே 'சிம்ஹ' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். வடமொழியில் பெண்ணுக்கு 'சிம்ஹீ'. அது நம் பேச்சில் ஒட்டவில்லை. அதனால், 13-ல் ஒன்றான 'பெண்' என்ற சொல்லையே முன்னால் சேர்த்துக்கிட்டோம்.

இப்போ 'சிங்கப்பெண்'ணுக்கு வருவோம். தமிழில் இரண்டு பெயர்கள் இப்படிச் சேரும்போது, கடைசியில் நிற்பதுதான் பொருளைச் சொல்லும். பெண் சிங்கம் ஒரு விலங்கு. சிங்கப்பெண், சிங்கம் போன்ற பெண். உவமைத்தொகை. 2019-ல் வந்த 'பிகில்' படப்பாட்டுக்குப் பிறகு, பிறந்தநாள் ஸ்டேட்டஸ் வரைக்கும் இந்தச் சொல் போயிடுச்சு.

ஆனால், அதை யாருக்குச் சொல்றோம்? தருமபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்கள் பின்வாங்கவில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 2011-ல், அப்போது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மொத்தம் 31 வருஷம்!

அவர்கள் சாட்சிக் கூண்டில் நின்ற காலத்தில் 'சிங்கப்பெண்' என்று யாரும் கைதட்டவில்லை. அடுத்த முறை இந்தச் சொல்லை டைப் பண்ணும்போது, வாச்சாத்தியை ஒருமுறை நினைச்சுக்கோங்க.