பிகோ-8

பிகோ-8: சிறு கணினி விளையாட்டுகளை உருவாக்கவும் ஆடவும் பகிரவும் உதவும் மென்பொருள். ஜோசப் ஒயிட் உருவாக்கி 2015இல் வெளியிட்டார். 128×128 புள்ளிகள் கொண்ட திரை, அடிப்படையாக 16 நிறங்கள், லுவா நிரல்மொழி என்பன இதன் எல்லைகள். இதன் உண்மையான சிறப்பு பகிரும் முறையில்தான் இருக்கிறது. முழு விளையாட்டும் ஒரு பிஎன்ஜி படத்துக்குள் அடங்குகிறது. ஒவ்வொரு புள்ளியின் நிற மதிப்புகளிலும் கடைசி இரண்டு பிட்டுகளில் தரவு ஒளிந்திருக்கும். அதே படத்தை ஜேபெக்காக மாற்றினால் விளையாட்டு அழிந்துவிடும். மென்பொருளில் ஆடும்போது எஸ்கேப் விசையைத் தட்டி விளையாட்டை நிறுத்தி, மீண்டும் ஒருமுறை தட்டினால் நிரல், ஓவியம், இசை எல்லாம் திருத்தக்கூடிய வடிவில் திறக்கும். ஆகவே இங்கே ஒரு விளையாட்டைப் பகிர்வது, அதைச் செய்யும் வித்தையையும் கற்றுக்கொடுப்பதாகிறது.

இத்தகைய எல்லைகள் கற்பனையை முடக்கும் என்பார் உண்டு. ஆனால் மேடி தோர்சன், நோயல் பெர்ரி இருவரும் நான்கே நாட்களில் இதில் செய்த செலஸ்ட் என்ற சிறு விளையாட்டு, 2018இல் புகழ்பெற்ற முழு விளையாட்டாக விரிந்தது. பெரிதாக வளராத விளையாட்டுகளும் வீணல்ல. தனியொருவர் தொடங்கிய வேலையை முடிக்க வைப்பது அந்தச் சிறிய அளவுதான். திறந்த நிரல் திருட்டுக்கு வழிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்குத் தீர்வு, எடுத்தாள்பவர் மூலவரின் பெயரைச் சொல்வதே தவிர, நிரலைப் பூட்டிவைப்பதல்ல.