கருவில் மதுப் பாதிப்புற்ற குழந்தைகளின் கல்வி

கர்ப்பிணி அருந்தும் மது தொப்புள்கொடி வழியே கருவை அடைந்து, வளரும் மூளையைச் சிதைக்கிறது. அதனால் உண்டாகும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும் குறைபாட்டை பிரான்சின் நாந்து நகர மருத்துவர் பால் லெமுவான் 1968இல் 127 குழந்தைகளிடம் கண்டு எழுதினார். அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 1973இல் சியாட்டில் நகரின் கென்னத் ஜோன்ஸ், டேவிட் சுமித் இருவரும் லான்செட் இதழில் எழுதிய பிறகே நோய்க்குக் ‘கரு மது நோய்க்குறி’ என்ற பெயர் நிலைத்தது. சிறுத்த கண்திறப்பு, மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழுள்ள பள்ளம் மழுங்கியிருத்தல், குன்றிய வளர்ச்சி ஆகியவை முழு நோயின் அடையாளங்கள். முகத்தில் ஒன்றும் தெரியாமல் மூளை மட்டும் பாதிக்கப்பட்டவர்களே மிகுதி. வகுப்பில் அடங்காப்பிடாரி, சோம்பேறி என்று பெயர் வாங்குவோர் இவர்கள்தாம்.

மலேசியத் தமிழரிடையே இப்பேச்சு எழும்போது தோட்டப்புறக் கள்ளுக்கடையும் சம்சு என்னும் சாராயமும் நினைவுக்கு வரும். மலிவு விலையில் சிறு குப்பிகளில் விற்ற சம்சுவை எதிர்த்து, எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டு பிரசாரம் செய்தது. மது வாங்கும் வயது 2017 டிசம்பரில் 18இலிருந்து 21ஆக உயர்ந்தது. ஆனால் இந்நோய்க்கு இனமோ வருமானமோ தடையல்ல. கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவும் கிடையாது.

இக்குழந்தைகளின் பேச்சு பெரும்பாலும் சரளமாக இருக்கும். கேட்பவர் அதை நம்பி, சொன்னது புரிந்துவிட்டதென எண்ணிவிடுகிறார். நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று மறந்துபோகும். நாளை மறுபடி வரும். காலம், பணம், கணக்கு ஆகியவை குறிப்பாகத் தடுமாற வைக்கும். ஒரு செயலையும் அதன் விளைவையும் இணைத்துப் பார்க்கும் திறன் பழுதுபட்டிருப்பதால் பிரம்பும், வெளியே நிற்கவைப்பதும், மதிப்பெண் குறைப்பும் பயன் தருவதில்லை. தண்டனை எதற்கென்பதே குழந்தையிடம் பதியாமல் போகலாம்.

டெப் ஈவென்சன், ஜான் லுட்கே இருவரும் 1997இல் தொகுத்த எட்டு வழிமுறைகள் ஆசிரியர்களிடையே பரவலானவை. அவற்றின் சாரம் இது: சொல்வதை நேரடியாகவும் சுருக்கமாகவும் சொல், ஒரே சொற்களில் சொல், திரும்பத் திரும்பச் சொல், அன்றாட ஒழுங்கை மாற்றாதே, கண்காணிப்பை விடாதே. “ஒழுங்காக இரு” என்பது இக்குழந்தைக்குக் கட்டளையே அல்ல. “நாற்காலியில் உட்கார், புத்தகத்தைத் திற” என்பதில் ஒவ்வொன்றையும் தனித்தனியே, படம் காட்டிச் சொல்ல வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகள் புழங்கும் நம் பள்ளிகளில் கட்டளைக்காவது ஒரே மொழியைப் பிடித்துக்கொள்வது நல்லது. கணக்குக்கென்றே அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிளேர் கோல்ஸ், ஜூலி கேபிள் வகுத்த பயிற்சியில் குழந்தை முதலில் திட்டமிடுகிறது, பின்பு செய்கிறது, முடிவில் செய்ததைத் திரும்பிப் பார்க்கிறது. பெற்றோருக்கும் அதில் பயிற்சி உண்டு.

மலேசியாவின் 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளில் இந்நோய்க்குத் தனிப் பிரிவு இல்லை. குழந்தை ‘கற்றல் சிக்கல்’ பிரிவில்தான் சேரும். அங்கே ஆட்டிசம், டவுன் நோய்க்குறி உள்ளவர்களோடு ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பில் அமரும். இது குறையே. காரணம் தெரியாத ஆசிரியர் கற்பிக்கும் முறையை மாற்ற வாய்ப்பில்லை. கர்ப்பகாலக் குடியைத் தாய் மருத்துவரிடம் மறைப்பதும் காரணம் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம். பழி சொல்லும் சமூகத்தில் அவர் மறைக்காமல் என்ன செய்வார்?

அமெரிக்க ஆய்வாளர் ஆன் ஸ்ட்ரைஸ்குத் 1996இல் வெளியிட்ட ஆய்வில், இப்பாதிப்புடன் 12 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் படிப்பில் இடைநிற்றல், நீக்கம் போன்ற தடைகளைச் சந்தித்திருந்தனர். நிலையான வீடும் 6 வயதுக்குள் நோய் கண்டறியப்படுவதும் இவர்களைக் காத்தன. ஆகவே பெற்றோர் சந்தேகம் தோன்றியவுடனே அருகிலுள்ள அரசுச் சுகாதார நிலையத்தில் பரிசோதனை கேட்கலாம். மருத்துவர் சான்றளித்தால் சமூக நலத்துறையில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு.